எட்டுப் பந்து பூலில் சேஃப்டி: தடுத்தாடுவதும் நேர்மையாக ஆடுவதும்

எட்டுப் பந்து பூலில் கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் போட வேண்டும். ஒருவருக்கு 1 முதல் 7 வரை, மற்றவருக்குப் பட்டை போட்ட 9 முதல் 15 வரை. தன் ஏழையும் போட்டுவிட்டுக் கடைசியில் எட்டைப் போடுபவர் வெல்வார். இப்போது உங்கள் முறை வந்திருக்கிறது. மேசையில் உங்கள் பந்துகள் நான்கு இருக்கின்றன. ஒன்றுகூட நேராகப் பாக்கெட்டுக்குப் போகிற இடத்தில் இல்லை. லீக்கில் புதிதாகச் சேர்ந்தவர் இருப்பதிலேயே கொஞ்சம் தேவலையான பந்தைப் பார்த்து ஓங்கி அடிப்பார். பந்து விழாது. வெள்ளைப் பந்து எங்கோ போய் நிற்கும். எதிராளி எழுந்து வந்து மூன்று, நான்கு பந்துகளைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். பழகிய ஆட்டக்காரர் அதே இடத்தில் பந்தைப் போட முயலவே மாட்டார். தன் பந்து ஒன்றை அளவாகத் தொட்டு, எதிராளிக்கு அடிக்க எதுவும் கிடைக்காத இடத்தில் வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவார். இதற்குப் பெயர் சேஃப்டி. அமெரிக்க லீக்குகளில் டிஃபென்ஸ் என்றும் சொல்வார்கள்.

இப்படி ஆடுவது கோழைத்தனம், நாணயமில்லாத ஆட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மதுக்கூடங்களில் வாய்மொழியாகப் பழகிய விதிகளிலிருந்து வந்த எண்ணம் இது. அங்கே பல இடங்களில் ஃபவுலுக்குத் தண்டனை சிறியது: வெள்ளையை மேசையின் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் வைத்து அடித்தால் போதும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்தை மறைத்து வைப்பது வேண்டுமென்றே செய்யும் தொல்லையாகத்தான் தெரியும். லீக் விதிகள் வேறு. ஃபவுல் ஆனால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து, மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். இந்த ஒரு விதியால் சேஃப்டி ஆட்டத்தின் சரிபாதி ஆகிவிடுகிறது. சேஃப்டி ஆடுவதால் யாருடைய நேர்மையும் கெடாது. ஆடியதை மறைத்தால்தான் கெடும். அது எப்படி என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் விதி

இங்கே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் நடத்தும் லீக்கை. சுருக்கமாக ஏபிஏ. டெரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-இல் தொடங்கியது. வாரம் ஒரு நாள், பெரும்பாலும் ஏழு அடி மேசையில், வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து ஆடும் லீக் இது.

சேஃப்டியும் மற்ற அடிகளைப் போலவே செல்லுபடியான அடியாக இருக்க வேண்டும். வெள்ளை முதலில் உங்கள் பிரிவுப் பந்தைத் தொட வேண்டும். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து விழ வேண்டும், அல்லது வெள்ளையோ வேறு எந்தப் பந்தோ குஷனில், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பில், பட வேண்டும். புதியவர்களின் சேஃப்டிகள் அதிகம் பாழாவது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். மறைப்பு அழகாக அமையும், ஆனால் அடி மிக மெதுவாகப் போயிருக்கும், எந்தப் பந்தும் குஷனைத் தொட்டிருக்காது. அது ஃபவுல். மறைத்த இடத்திலிருந்து எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்துவிடுவார், பட்ட பாடு வீண். ஆகவே குனிவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அடியில் எந்தப் பந்து எந்தக் குஷனில் படப்போகிறது? பதில் இல்லாவிட்டால் அடிக்காதீர்கள். இன்னொரு பொறியும் உண்டு. ஏற்கெனவே குஷனோடு ஒட்டி நிற்கும் பந்தை அடித்தால், அது அதே குஷனில் இருப்பது கணக்கில் வராது. விலகித் திரும்பி வந்து பட வேண்டும், அல்லது வேறு குஷனில் பட வேண்டும், அல்லது வேறொரு பந்து குஷனைத் தொட வேண்டும். பந்து ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதை அடிக்கும் முன்பே இருவரும் பார்த்து ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

லீக்குக்கு லீக் மாறும் விதி ஒன்று இருக்கிறது. உலகப் பூல் பில்லியர்ட் சங்க விதிகளிலும் பிசிஏ பூல் லீக்கிலும் ‘சேஃப்டி’ என்று அறிவித்துவிட்டு அடித்தால், உங்கள் பந்து விழுந்தாலும் முறை எதிராளிக்குப் போய்விடும். பக்கத்தில் நிற்கும் பந்தைப் போட்டுவிட்டு, வெள்ளையை மறைவில் நிறுத்தி, எழுந்து போய்விடலாம். ஏபிஏ-யில் அப்படிக் கிடையாது. உங்கள் பந்து விழுந்தால் நீங்கள் தொடர்ந்து ஆடியே தீர வேண்டும். மறைவில் நிறுத்திய வெள்ளையை நீங்களே எடுத்து அடிக்கும் நிலை வரும். எந்த லீக்கில் இருக்கிறோம் என்று தெரியாமல் இந்த அடியை ஆடக் கூடாது.

எப்போது நிறுத்துவது

கேரம் ஆடியவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கும்: விழுகிற காயை விடாதே. எட்டுப் பந்தில் இந்தப் பழக்கமே பெரிய பகை. உங்கள் பந்துகளில் ஐந்தைப் போட்டுவிட்டு ஆறாவதில் தவறினால், எதிராளியின் வழியில் குறுக்கே நின்ற ஐந்து பந்துகளை நீங்களே அப்புறப்படுத்திக் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு ஏழு பந்தும் திறந்த மேசையும் இருக்கின்றன. உங்களுக்கோ இரண்டு பந்து மட்டும், சுற்றிலும் அவருடைய ஏழு பந்துகள் வேலி. ஆட்டத்தில் முன்னால் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் பின்னால் இருப்பீர்கள்.

அதனால் முதல் பந்தை அடிக்கும் முன்பே எட்டு வரை வழி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வரிசையாக மூன்று அடி தேவை, அவற்றில் உங்கள் வாய்ப்பு பத்துக்கு எட்டு, ஏழு, ஐந்து என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் மோசமில்லை. மூன்றும் சேர்ந்து அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 28 மட்டுமே. மீதி 72 தடவை மேசையைத் துடைத்து எதிராளி கையில் கொடுக்கிறீர்கள்.

ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். உங்களுக்குப் பட்டைப் பந்துகளில் மூன்று மீதம்: 9 ஒரு மூலைப் பாக்கெட்டின் வாயில் தொங்குகிறது, 12 நடு மேசையில், 15 நீளக் குஷன் ஓரத்தில் எதிராளியின் 3-உடன் ஒட்டிக்கிடக்கிறது. எதிராளிக்கு ஐந்து பந்துகள். புதியவர் 9-ஐப் போடுவார், 12-ஐயும் போடுவார், பிறகு 15-ஐப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை உடைக்க இனி உதவிப் பந்து இல்லை. சரியான ஆட்டம் வேறு. 9 அங்கேயே இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டில் எதிராளி எதையும் எளிதாகப் போட முடியாது. அவர் 9-ஐத் தள்ளிவிட்டால் லாபம் நமக்கே. 12-ஐ நடு மேசையிலிருந்து மெதுவாக ஒட்டுக்கிடக்கும் ஜோடியின் மேல் அனுப்பி 15-ஐ விடுவித்து, வெள்ளையை மறுமுனைக் குஷனில் நிறுத்துங்கள். எதிராளி தவறினால் நீங்கள் திரும்பி வரும்போது 15 விடுபட்டிருக்கும், 9 காப்பீடுபோலக் காத்திருக்கும். எளிதான பந்தைக் கடைசிவரை வைத்துக்கொண்டு சிக்கலை முதலில் அவிழ்ப்பதுதான் எட்டுப் பந்தின் அடிப்படை வித்தை. வெள்ளை கையில் கிடைத்தாலும் இதே கணக்குத்தான். அதை எளிய பந்துக்குச் செலவிடாமல் சிக்கலை உடைக்கப் பயன்படுத்துங்கள்.

எதிராளிக்கு எத்தனை பந்து மிச்சம்?

எந்த வகை சேஃப்டி என்பதை இந்த எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. ஏழு பந்து இருக்கும் எதிராளியிடமிருந்து எல்லாவற்றையும் மறைக்க முடியாது. அவருக்குத் தூரத்தைக் கொடுங்கள். வெள்ளை ஒரு முனையில் குஷனோடு ஒட்டி, அவருடைய பந்துகள் மறுமுனையில். குஷனின் மூக்கு, பந்தின் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீத இடத்தில் இருக்கிறது. ஆகவே ஒட்டிய வெள்ளையில் மேல் பகுதி கொஞ்சம்தான் கியூவுக்குக் கிடைக்கும். கியூவைத் தூக்கி அடிக்க வேண்டும், கீழ்ச் சுழற்சி கொடுக்க முடியாது, சற்றுப் பிசகினாலும் கோடு மாறும். பந்து கண்ணுக்குத் தெரிந்தாலும் போடுவது கடினம்.

ஒன்று, இரண்டு பந்து மட்டுமே மிச்சமுள்ள எதிராளியிடம் மறைப்பு பலிக்கும். அவர் எட்டில் மட்டும் நிற்கிறார் என்றால் இன்னும் நல்லது, மறைக்க வேண்டியது ஒரே ஒரு பந்து. ஏபிஏ விதியில் எட்டை அடிக்கும்போது வெள்ளை பாக்கெட்டில் விழுந்தால் ஆட்டமே போய்விடும். உலகச் சங்க விதியில் எட்டு விழாதவரை அது வெறும் ஃபவுல்தான். ஆகவே ஏபிஏ-யில் எட்டை மறைக்கும் சேஃப்டிக்குப் பலம் இரட்டிப்பு.

மறைப்பின் கணக்கு

மறைக்கும் பந்துக்கு வெள்ளை எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதே முக்கியம். பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். வெள்ளை அந்தப் பந்தோடு ஒட்டி நின்றால், அந்தப் பக்கம் முழுவதும், அதாவது 180 பாகை அடைபடும். ஒரு பந்து அகல இடைவெளி விட்டால் அடைபடுவது 60 பாகை. இரண்டு பந்து இடைவெளியில் 39. ஐந்து பந்து இடைவெளியில், சுமார் 29 சென்டிமீட்டர், வெறும் 19 பாகை. முதல் ஒன்றிரண்டு பந்து அகலத்திலேயே நிழல் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. ‘பந்துக்குப் பின்னால் போய்விட்டது’ என்று திருப்தியடைந்து பார்த்தால், எதிராளிக்கு ஓரமாக ஒரு கீற்று தெரியும். அந்தக் கீற்றே அவருக்குப் போதும். பந்துக் கூட்டம் ஒன்றின் பின்னால் நிறுத்தினால் இந்தக் கணக்கு தளர்ந்து கொடுக்கும். இரண்டு மூன்று பந்துகளின் நிழல் சேர்ந்துவிடும்.

இப்படி மறைபடுவதை ஸ்னூக்கர் ஆவது என்கிறோம். அந்தப் பெயர் கொண்ட ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரியின் கையில் பிறந்து, 1880-களில் ஊட்டி கிளப்பில் விதி வடிவம் பெற்றது. மறைத்தாடுவதைக் கலையாகவே வளர்த்த ஆட்டம் அது. அதை அங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை.

மூன்று அடிகள் போதும்

தொடக்கநிலையில் பெரும்பாலான சேஃப்டிகளை மூன்று அடிகளால் ஆடலாம். எதில் எந்தப் பந்து உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

முழுப் பந்து அடி, அதாவது ஸ்டாப் ஷாட். வெள்ளை நேராகப் பந்தின் நடுவில் பட்டால் வேகம் முழுவதும் அந்தப் பந்துக்குப் போகும், வெள்ளை பட்ட இடத்திலேயே நிற்கும். வெள்ளை நிற்கும் இடம் உறுதி, அதனால்தான் இது மூன்றிலும் நம்பகமானது. அடித்த பந்து போய்க் குஷனில் பட்டுவிடும், விதியும் நிறைவேறும். இதில் பிழை வருவது வெள்ளை உருண்டுபோய்ச் சேரும்போது. வழியில் உருளத் தொடங்கிவிட்டால் பட்ட பிறகும் கொஞ்சம் முன்னே போகும், மறைவு கலைந்துவிடும். ஓரடிக்குள் இருந்தால் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால் போதும். தூரம் கூடக் கூட இன்னும் கீழே, இன்னும் உறுதியாக.

உரசல் அடி. பந்தின் விளிம்பை மட்டும் தொடுவது. தொட்ட பந்து கொஞ்சம்தான் நகரும், வெள்ளை தன் வேகத்தில் பெரும்பங்கை வைத்துக்கொண்டு நீண்ட தூரம் போகும். வெள்ளையை மறுமுனைக் குஷனுக்குத் திருப்பிக் கொண்டுவர இதுவே வழி. அபாயம் ஒன்று: மிக மெல்லியதாகப் போய்ப் பந்தைத் தொடாமலே விட்டால் ஃபவுல். நினைப்பதைவிடக் கொஞ்சம் தடிமனாகவே குறிவையுங்கள்.

பாதிப் பந்து அடி. வெள்ளையின் நடுவை எதிர்ப் பந்தின் விளிம்புக்கு நேராக வைத்துக் குறிபார்ப்பது. அந்தப் பந்து ஒரு பக்கம் 30 பாகையில் விலகும், உருண்டு வரும் வெள்ளை மறுபக்கம் ஏறக்குறைய அதே அளவு விலகும். கோணம் நினைவில் வைக்க எளிது. ஆனால் இரண்டு பந்தும் நன்றாக ஓடும், இரண்டையும் ஒரே நேரத்தில் அளவிட வேண்டும். முதல் இரண்டும் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள்.

மறைக்கப்பட்டவர் என்ன செய்வது? பந்தைப் போடுவதை மறந்துவிட்டு, செல்லுபடியாகத் தொடுவதை மட்டும் பாருங்கள். வெள்ளையைக் குஷனில் மோதித் திருப்ப வேண்டும்; மோதும் கோணமும் திரும்பும் கோணமும் ஏறத்தாழச் சமம். உங்கள் பந்துகளில் குஷன் அருகே நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை நேராகவும் படலாம், அதன் பின்னால் இருக்கும் குஷனில் பட்டுத் திரும்பியும் படலாம் என்பதால் அது பெரிய இலக்கு. தொட்ட பிறகு ஒரு பந்து குஷனுக்குப் போகும் அளவு வேகமும் வேண்டும்.

நேர்மை எங்கே வருகிறது

ஏபிஏ-யில் ஆட்டக்காரர்களுக்குத் திறன் நிலை எண் உண்டு. எட்டுப் பந்தில் 2 முதல் 7 வரை. 7-ஆம் நிலைக்காரரும் 2-ஆம் நிலைக்காரரும் மோதினால் முன்னவர் 7 ஆட்டம் வெல்ல வேண்டும், பின்னவருக்கு 2 போதும். ஒரு மோதலில் அணியின் ஐந்து ஆட்டக்காரர்களின் எண்களைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே எண் குறைவாக இருப்பது அணிக்கு லாபம். அந்த எண், ஆட்டத்தை வெல்ல எத்தனை இன்னிங்ஸ் (இருவரும் ஆளுக்கு ஒரு முறை ஆடி முடிப்பது) ஆகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. வேகமாக முடிப்பவர் வலுவானவர்.

சேஃப்டி ஆடினால் இன்னிங்ஸ் கூடும். ஆனால் அது பலவீனத்தால் கூடியதல்ல. அதனால்தான் ஸ்கோர் தாளில் டிஃபென்ஸ் அடிகளைத் தனியாகக் குறிக்கச் சொல்கிறார்கள். குறித்தவை இன்னிங்ஸ் கணக்கிலிருந்து கழியும். குறிக்காமல் விட்டால் நல்ல ஆட்டக்காரர் தாளில் மந்தமானவராகத் தெரிவார், எண் இறங்கும், அடுத்த வாரம் எளிதாக வெல்வார். வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு இதே வேலையைச் செய்வதும் உண்டு. அதைச் சாண்ட்பேகிங் என்பார்கள். லீக்கில் இதைவிட மோசமான காரியம் இல்லை என்பதே எங்கள் எண்ணம். எதிராளியை மட்டும் அல்ல, தன் எண்ணுக்கு உண்மையாக ஆடும் எல்லோரையும் அது ஏமாற்றுகிறது.

எது டிஃபென்ஸ் என்பதற்கு அளவுகோல் நோக்கம் ஒன்றுதான். பந்தைப் போட நினைக்காமல் அடித்தால் டிஃபென்ஸ். போட முயன்று தவறி, அதிர்ஷ்டத்தால் வெள்ளை மறைவில் போய் நின்றால் அது டிஃபென்ஸ் அல்ல. போடவும் பார்த்து, தவறினால் வெள்ளை பத்திரமான இடத்தில் நிற்கும்படியும் திட்டமிடும் இருவழி அடியும் டிஃபென்ஸ் அல்ல. போடும் நோக்கம் அதில் இருக்கிறது. அடிப்பவரின் மனத்தை ஸ்கோர் எழுதுபவர் படிக்க முடியாது. ஆகவே குனியும் முன் ‘டிஃபென்ஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத் தாளிலும் குறிப்பு ஒன்றாக இருக்கும். சொல்வதால் எதிராளிக்கு ஒரு சாதகமும் கிடைத்துவிடாது. வெள்ளை எங்கே நிற்கிறது என்பது அவருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது.

புதியவரிடம் சேஃப்டி ஆடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஆடலாம். 7-க்கு 2 என்ற கணக்கில் இறங்கும் வலுவானவருக்கு ஒவ்வொரு ஆட்டமும் விலையுள்ளது. புதியவரும் அதே ஆயுதத்தை எடுக்கலாம். மேசையை ஒரே மூச்சில் முடிக்க முடியாதவருக்கு இதைவிடச் சமமான ஆயுதம் கிடையாது.

சேஃப்டி ஆட்டங்களில் தகராறு மூளும் இடம் நெருக்கமான அடி. எதிராளியின் பந்தை ஒட்டிப்போய் உங்கள் பந்தை உரச வேண்டும். எது முதலில் பட்டது? அல்லது வெள்ளைக்கும் பந்துக்கும் இடையே ஒரு சாக் கட்டியின் அகலம்கூட இல்லை. கியூ இரண்டு முறை தொட்டதா? அடிக்கும் முன்பே ஆட்டத்தை நிறுத்தி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது நபர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதே முடிவு. யாரையும் கூப்பிடாமல் விட்டால் சந்தேகத்தின் பலன் அடித்தவருக்கு. பிறகு குரலை உயர்த்திப் பயனில்லை. உங்கள் ஃபவுல் உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் நீங்களே சொல்லி வெள்ளையை எடுத்துக் கொடுங்கள்.

எதிராளி குனிந்திருக்கும்போது அவர் பார்வைக் கோட்டில் நிற்காதீர்கள், சாக் தேய்க்காதீர்கள், பேசாதீர்கள். மறைக்கப்பட்டவர் யோசிக்கக் கொஞ்சம் நேரம் எடுப்பார், பெருமூச்சு விட்டு அவசரப்படுத்த வேண்டாம். அணித்தோழர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை கத்தக் கூடாது. ஏபிஏ-யில் அதற்கு டைம் அவுட் இருக்கிறது: ஒரு ஆட்டத்துக்கு ஒன்று, 3-ஆம் நிலையிலும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். எதிராளி நல்ல சேஃப்டி ஆடினால் பாராட்டுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த அடி கெடும்.

பழகும் முறை

இருவர் சேர்ந்து ஒரு மணி நேரம் போதும். வெள்ளையிலிருந்து ஓரடி தூரத்தில் ஒரு பந்தை வைத்து ஸ்டாப் ஷாட் பத்து. பிறகு இரண்டடி, மூன்றடி. பத்தில் ஏழு முறையாவது பட்ட இடத்திலிருந்து ஒரு பந்து அகலத்துக்குள் வெள்ளை நிற்கும்வரை அடுத்த தூரத்துக்குப் போகாதீர்கள். அடுத்து, ஒரு பந்தை மேசையின் அடிமுனைப் புள்ளியிலும் (தொடக்கத்தில் பந்துகளை அடுக்கும் பக்கம்) வெள்ளையை எதிர்ப்பக்கத் தலைமுனைப் புள்ளியிலும் வைத்து, உரசி, வெள்ளையைத் தலைமுனைக் குஷனிலிருந்து ஒரு கை அகலத்துக்குள் திரும்பி வந்து நிற்கும்படி அடியுங்கள். கடைசியாக ஒரு சிறு போட்டி. ஆளுக்கு மூன்று பந்தை மேசையில் உருட்டிவிடுங்கள். ஒருவர் சேஃப்டி மட்டும் ஆட வேண்டும், மற்றவர் தொட முயல வேண்டும். செல்லுபடியாகத் தொடாவிட்டால் மறைத்தவருக்கு ஒரு புள்ளி; சேஃப்டியே ஃபவுலானால் தொட வேண்டியவருக்கு இரண்டு. ஐந்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் அந்த இரண்டு புள்ளிகளே அதிகம் விழும், அதுவும் குஷனைத் தொடாத அடிகளால்.